கோழிக்குக் கொடுத்த அடைக்கலம்

என் புருஷன் பீர்தாதுக்கு யாருக்காவது வாக்குக் கொடுக்காமல் ஒரு நாள் கழிந்தால் ரொட்டி தொண்டையில் இறங்காது. கொடுப்பது அவர், காப்பாற்றுவது நான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. எவனோ ஒரு வழிப்போக்கனுக்கு எங்கள் நல்ல தண்ணீர்த் தோல்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று வந்து நிற்பார். அப்புறம் கோடை முழுக்க ஓட்டைப் பையில் தண்ணீர் சுமப்பது யார்? நான்தான்.

எங்கள் மகள் மாஹிகானையும் அப்படித்தான் கொடுத்தார். குளிர் தொடங்குகிற நேரம், கிணற்றடியில் ஆண்கள் கூடியிருந்தார்கள். லஷ்கரான் என்கிறவன் மருதாணி வைத்துச் சிவந்த தாடியைத் தடவிக்கொண்டு, பீர்தாதைப் போல ஒரு மானஸ்தன் இந்தப் பாலையில் கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னான். இவர் குளிர்ந்துபோனார். கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

லஷ்கரானின் முதல் மனைவி கதை எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அடி தாங்காமல் அப்பன் வீட்டுக்கு ஓடி வருவாள். அப்பன் மானத்துக்குப் பயந்து, கையில் ஒரு ஆட்டையும் பிடித்துக் கொடுத்துத் திருப்பி அனுப்புவான். கடைசியில் பனிக்காலத்தில் அப்படி ஓடி வந்தவள் வழியிலேயே விறைத்துச் செத்துப்போனாள். இவ்வளவும் தெரிந்துதான் கொடுத்தார். நான் கத்தினேன், அழுதேன், அடுப்பை மூட்டாமல் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன்.

"சபையில சொன்ன சொல்லு, துர்பீபி," என்றார். "அவ இனிமே நம்ம வீட்டு ஆளில்ல. லஷ்கரான் வீட்டு ஆளு. புல்லு முளைக்கிற வரைக்கும் நம்மகிட்ட விட்டு வச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

மாஹிகான் பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அவள்மேலும் ஆத்திரம் வந்தது. வாயைத் திறந்து அழுதால் நானும் சேர்ந்து இன்னொரு சண்டை போட்டிருப்பேன். கல்லு மாதிரி இருக்கிற பிள்ளைக்காக எவ்வளவு தூரம்தான் ஒருத்தி கத்த முடியும்?

சரி, போகிறவள் வெறுங்கையோடு போனாள் என்ற பேச்சாவது வரக் கூடாது என்று தறியைப் பூட்டினேன். கூடாரத்தின் வாசல் பக்கம், மேலே கூரை நீண்டு நிழல் விழுகிற இடத்தில் நாலு முளை அடித்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே பாவு நூல் இழுத்துக் கட்டினேன். எங்கள் தறி தரையோடு தரையாக, ஒரு சாண் உயரத்தில் படுத்துக் கிடக்கும். நெய்து முடித்த பகுதிமேலேயே உட்கார்ந்து முன்னால் முன்னால் நகர்ந்து போக வேண்டியதுதான். கம்பளம் முழுக்கக் கோழிக் கட்டம். ஒட்டக மயிரின் மண்நிறம் அடியில், அதன்மேல் கருநீலத்தில் ஒரு கோழி, மஞ்சிட்டி வேர்ச் சிவப்பில் ஒரு கோழி என்று வரிசை வரிசையாக. ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் நிற்கும், எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். இரண்டு ஓரத்திலும் கறுப்பு ஆட்டு மயிர் சுற்றி இறுக்கியிருந்தேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சில்லாமல் தட்டையாக நெய்கிற அகலப் பட்டை வரும். கெட்டிக்கார மாமியார்கள் கம்பளத்தின் நடுவைப் பார்க்க மாட்டார்கள், நேரே அந்தப் பட்டையைப் புரட்டித்தான் பார்ப்பார்கள்.

பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த கோழி வந்தது.

அது பக்கத்துக் கூடாரத்து ஹத்தூனின் கோழி. அவள் தம்பி வருகிறான் என்று அதை அறுக்கக் கத்தியோடு துரத்தியிருக்கிறாள். எங்கள் கூடாரத்தில் பீர்தாத் நாலு பேரை உட்கார வைத்து, முன்னோர் ஒருவர் அடைக்கலம் தேடி வந்த ஓணானுக்காகச் சண்டைக்குப் போன கதையை ஆயிரத்தோராவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை சரியாக ஓணான் கூடாரத்துக்குள் நுழைகிற இடத்துக்கு வரும்போது இந்தக் கோழி கொக்கரித்துக்கொண்டு பாய்ந்து வந்து, என் தறிப் பாவுக்கு அடியில் புகுந்து பதுங்கிவிட்டது. பின்னாலேயே கத்தியும் கையுமாக ஹத்தூன்.

நாலு பேரும் பீர்தாதைப் பார்த்தார்கள். நான் மனசுக்குள், ஐயோ வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இரு மனுஷா என்றேன். இருப்பாரா? எழுந்தார். மார்பில் கை வைத்தார்.

"என் கூடார நிழலுக்குள்ள வந்த உயிரு. இதுக்கு நான் அடைக்கலம்."

வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை கேட்டிருப்பீர்கள். எனக்கு வந்தது கோழி. ஹத்தூன் அப்படியே வாயைப் பிளந்து நின்றாள். அப்புறம் அவள் போட்ட கூச்சல் கிணற்றடி வரைக்கும் கேட்டது. நியாயம்தானே, அவள் கோழி, அவள் கத்தி, அவள் தம்பி. இவர் என்ன செய்தார் தெரியுமா? கோழிக்கு ஈடாக எங்கள் மந்தையிலிருந்து ஒரு கிடாக்குட்டியை அவிழ்த்துக் கொடுத்தார். கோழிக்குக் கிடா! இந்த வியாபாரம் பைத்தியக்காரன் பேரன்கூடச் செய்ய மாட்டான். ஹத்தூன் கிடாவை இழுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்க்கா, என்கிட்ட இன்னும் ரெண்டு கோழி இருக்கு. துரத்தி விடட்டுமா?" என்றாள்.

போகட்டும், ஒரு ராத்திரி கிடந்துவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால், கீழே கொட்டியிருந்த கம்பளிப் பிசிறையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு முட்டையிட்டிருந்தது. அடுத்தடுத்து இட்டுக்கொண்டே போய், அப்புறம் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. நான் தறியை முளை பிடுங்கிச் சுருட்டி அந்தப் பக்கம் போட்டுக்கொள்கிறேன் என்றேன். இடம் மாறும்போதெல்லாம் அப்படித்தானே செய்கிறோம், பாதித் தறியைச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றாத பெண் எங்களில் உண்டா? கூடாதாம். அடைக்கலம் வந்தவரின் தலைக்கு மேலிருக்கிற கூரையைப் பிடுங்குவது துரத்துவதற்குச் சமமாம். அது தன் இஷ்டத்துக்குத்தான் போக வேண்டுமாம்.

அதோடு விட்டாரா? கோழிக்கு முதுகு இடிக்கிறது என்று கட்டைகளின் அடியில் கல் கொடுத்துத் தறியை ஒரு முழம் உயர்த்திவிட்டார். பாவு ஒரு பக்கம் தொய்ந்தது, இன்னொரு பக்கம் விறைத்தது. நான் மறுபடியும் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுவதற்குள் என் விரலெல்லாம் தோல் உரிந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறபோது, மெதுவாக அடி, விருந்தாளி திடுக்கிடுகிறது என்பார். நான் வேண்டுமென்றே இன்னும் ஓங்கி அடிப்பேன். கோழி கழுத்தை நீட்டிப் பாவின் இடுக்கு வழியாக என் கணுக்காலைக் கொத்தும். அதற்கும் என்மேல்தான் குற்றம் சொன்னார். கம்பளத்தில் இருக்கிற கோழிகளைப் பார்த்துத் தன் சொந்தக்காரர்கள் என்று நம்பி வந்திருக்கிறது, எல்லாம் உன் கைராசி என்று பாராட்டு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதை பரவிவிட்டது. தூரத்துக் கூடாரங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் கோழியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களை உட்கார வைத்து முறைப்படி சேதி கேட்டு, சேதி சொல்லி, அப்புறம் ஓணான் கதை, அப்புறம் கோழி கதை. தேநீர் போடுவது நான். ரொட்டி சுடுவது நான். தறியில் ஏறி உட்கார்ந்தால் ஒரு வரிசை முடிவதற்குள் இன்னொரு கும்பல் வந்து கோழி எங்கே என்று குனிந்து பார்க்கும். கம்பளத்தை ஒருவராவது பார்க்க வேண்டுமே.

மாஹிகான் மட்டும் கோழியோடு நல்ல சிநேகம். கோதுமையை மடியில் ஒளித்துக் கொண்டுவந்து போட்டாள், சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். நானே ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "நீ இப்படித் தீனி போட்டா அது எப்பிடிடீ போகும்? உன் கம்பளத்தத்தானடீ கெடுக்குது," என்று கத்தினேன். "போகாட்டி என்னம்மா," என்றாள். அவ்வளவுதான். பேசினாலும் இப்படி ஒரு மொட்டைப் பேச்சு.

கடைசிக் கோழி வரிசையை அவளிடம் விட்டிருந்தேன், எனக்கு மாவரைக்கிற வேலை இருந்தது. வந்து பார்த்தால் அந்த வரிசையில் மட்டும் எல்லாக் கோழியும் பின்பக்கம் திரும்பி நிற்கிறது. சின்னப் பிள்ளையிலிருந்து முடிச்சுப் போடுகிறவள், தூக்கத்தில் போட்டால்கூடக் கை தவறாது. அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்த்தாள். திரும்பவும் அதேபோல நெய்து வைத்திருந்தாள். மாமியார் வீட்டில் உன் தாய் உனக்குக் கோழி நெய்யக்கூடக் கற்றுத்தரவில்லை என்று சொல்வார்களே என்றேன். சொல்லட்டும் என்றாள். எனக்குக் கை ஓய்ந்துபோனது. விட்டுவிட்டேன்.

மலையடிவாரம் பச்சை கட்டியது. சுற்றியிருந்த கூடாரங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து மேல் மேய்ச்சலுக்குக் கிளம்பத் தொடங்கின. லஷ்கரான் வீட்டிலிருந்து ஆள் வந்து, பெண்ணை அழைத்துப்போக வருகிறோம் என்று சொல்லிப் போனான். கம்பளத்தில் கடைசிப் பட்டை பாக்கி. கோழி அசையவில்லை. எனக்கு ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை. கம்பளத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன காலையில்தான் குஞ்சு பொரித்தது. ஈரம் காய்ந்ததும் கோழி எழுந்தது, இறக்கையை உதறியது, ஒரு தடவை கக்கென்றது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேராக நடந்து ஹத்தூன் வீட்டுக்கே போய்விட்டது. இத்தனை நாள் தின்ற கோதுமைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹத்தூன் அங்கிருந்தே கையை ஆட்டினாள். கிடாவும் அவளுக்கு, கோழியும் அவளுக்கு, குஞ்சும் அவளுக்கு.

பீர்தாதுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா, வந்தது, காப்பாற்றினோம், தன் இஷ்டத்துக்குப் போனது, இதுதான் முறை என்றார். இனிமேல் சீக்கிரம் முடித்து அறுத்து எடு, அவர்கள் வருகிற புழுதி தெரிகிறது என்று விருந்தாளிகளை எதிர்கொள்ளப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையை நெய்து முடித்தேன். ஒட்டகங்கள் வந்து மண்டியிடுகிற சத்தம் கேட்டது. ஆண்கள் உள்ளே வந்து, அன்று தறியை மறைத்துக் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். லஷ்கரான், அவனுடைய பெரியப்பா தாத்கரீம், இன்னும் சிலர். பாவை அறுக்க ஒருவர் கட்டையைப் பிடிக்க வேண்டும். கத்தியை எடுத்துக்கொண்டு மாஹிகானைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது குரல் கீழேயிருந்து வந்தது.

குனிந்து பார்த்தேன். கோழி கிடந்த இடத்தில், அந்தக் கம்பளிப் பிசிறுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் என் மகள் மல்லாந்து படுத்திருந்தாள். கல் கொடுத்து உயர்த்தி வைத்திருந்ததால் அவள் உடம்பு சரியாக அதற்குள் அடங்கியிருந்தது.

"வெளிய வாடி. அவங்க வந்துட்டாங்க."

"அப்பாகிட்ட சொல்லும்மா. நான் அடைக்கலம்னு வந்திருக்கேன்."

"பைத்தியமாடீ உனக்கு? சொந்த வீட்டுல என்ன அடைக்கலம்?"

"சொந்த வீடில்லன்னு அப்பாதானே சொன்னாரு. நான் லஷ்கரான் வீட்டு ஆளு. அங்கேருந்து தப்பிச்சு வந்திருக்கேன்."

குரல் நடுங்கவே இல்லை. ஆனால் பாவின் இடுக்கில் பார்த்தேன், இரண்டு கையாலும் கழுத்துத் துணியைக் கசக்கிப் பிடித்திருந்தாள். இத்தனை மாதம் நான் கல்லு கல்லு என்று திட்டிய பிள்ளை.  பனியில் விறைத்துச் செத்த லஷ்கரானின் முதல் மனைவியின் உடலைக் குளிப்பாட்டிய கைதான் என் கை. அவள் கையும் இப்படித்தான் துணியைப் பிடித்தபடி இருந்தது, விரலைப் பிரிக்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டு இங்கே உட்கார்ந்து பட்டை நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரைக்கு அந்தப் பக்கம் தாத்கரீம் தொண்டையைக் கனைத்தார். விருந்தாளி தன் சேதியைச் சொல்லி முடித்தாயிற்று, இனி வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். சேதி கேட்கிற நேரத்தில் பொய் சொல்லக் கூடாது, இடையில் யாரும் பேசவும் கூடாது, பொம்பளை பேசுவது என்பது கிடையவே கிடையாது. பீர்தாத் எல்லாம் நலம், மழை நலம், மந்தை நலம் என்று தொடங்கினார். நான் திரையை விலக்கினேன்.

"மாஹிகானோட அப்பா, சேதி ஒண்ணு பாக்கி இருக்கு. கோழி போன எடத்துல இன்னொரு ஆளு வந்து படுத்திருக்கு. வேற வீட்டு ஆளு. அடைக்கலம் கேக்குது. என்ன சொல்லட்டும்?"

என்னைக் கொன்றுவிடுகிறவர் மாதிரி பார்த்தார். எழுந்து வந்தார், குனிந்தார்.  மகள் சும்மா அவரைப் பார்த்தாள். இவர் முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அப்படியே குனிந்து நின்றார். முதுகு பிடித்துக்கொண்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சேதியைத் தொடர்ந்தார். விட்ட இடத்திலிருந்து, முறை பிசகாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கோழி வந்ததையும் சொன்னார், அது போனதையும் சொன்னார், இப்போது யார் படுத்திருக்கிறாள் என்பதையும் சொன்னார்.

தாத்கரீம் முதலில் சிரித்தார். பெண் பிள்ளைகள் போகிறபோது அழுவதும் ஒளிவதும் உள்ளதுதானே என்றார். பெற்ற மகள் அப்பன் வீட்டில் அடைக்கலம் கேட்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்.

"பெத்த மகள்னா நீங்க சொல்றது சரி," என்றார் பீர்தாத். "ஆனா கிணத்தடியில உங்க எல்லார் முன்னாடியும் குடுத்துட்டேனே. அன்னையிலேருந்து அவ உங்க வீட்டு ஆளு. உங்க வீட்டு ஆளு ஒண்ணு உங்களுக்குப் பயந்து என் கூடாரத்துக்குள்ள வந்திருக்கு. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

லஷ்கரான் எழுந்து நின்றுவிட்டான். சிவந்த தாடி ஆடியது. "கோழியும் பொண்ணும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல," என்றார் இவர். "கோழிக்கு ஒரு கிடாதான் குடுத்தேன். இவளுக்கு மந்தையையே குடுக்கறேன். ஓட்டிக்கிட்டுப் போங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் கொடுத்த வாக்குகளில் நான் சண்டை போடாதது இது ஒன்றுதான். அதுவும் அந்த நேரத்துக்குத்தான். மந்தை முழுக்கப் போனால் தின்பது எதை என்று அடுத்த மூச்சிலேயே வயிறு கேட்டது.

அவர்கள் தேநீரைத் தொடாமல் எழுந்தார்கள். தாத்கரீம் வாசலில் ஒரு கணம் நின்று தறியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பெண்ணுக்காக அவர்கள் கொடுத்திருந்த ஒட்டகத்தை அவிழ்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆடுகளில் கொழுத்ததாகப் பார்த்துப் பிரித்து ஓட்டிக்கொண்டு போனார்கள். விட்டுப்போனது நொண்டியும் கிழடும். இனி இந்தப் பாலையில் லஷ்கரான் எங்கே எதிர்ப்பட்டாலும் பீர்தாத் வழிமாறிப் போக வேண்டியிருக்கும். அது அவருக்கும் தெரியும்.

புழுதி அடங்கியதும் வந்து தறிப்பக்கம் நின்றார். முகம் ஒரே நாளில் சுருங்கியிருந்தது.

"எப்ப வெளிய வருவாளாம்?"

"எனக்கென்ன தெரியும்? கோழி எப்பப் போச்சு? இஷ்டம் வந்தப்போதானே போச்சு. உங்க முறைதானே," என்றேன்.

அவர் போய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து தறியின் ஓரத்தில் வைத்தார். கோழிக்கு வைத்த அதே கிண்ணம். அதைக்கூடக் கழுவாமல். கழுவி வைக்கக் கூடாதா என்று கத்தப் போனவள் அப்படியே விட்டுவிட்டேன். பாவை அறுக்க மனசில்லாமல் கத்தியை அப்பால் வைத்தேன். இன்னும் கொஞ்சம் பாவு மிச்சம் இருந்தது. பட்டையை இன்னும் நாலு விரல் நீட்டினால் கெட்டா போய்விடும்? கம்பளத்தின்மேல் ஏறி உட்கார்ந்து இழை ஓட்டினேன். பழைய பழக்கத்தில் சீப்பை ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"அம்மா, மெதுவா. கண்ணுல மண்ணு விழுது," என்றாள் கீழேயிருந்து.

மெதுவாகத்தான் அடித்தேன்.